அணில் வேட்டைக்கு எந்த மாதம்? மிசூரிக் காட்டுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அணில் வேட்டை சீசன் மே மாதம் நாலாவது சனிக்கிழமை திறந்து, மறு வருஷம் பிப்ரவரி 15 வரை ஓடுகிறது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து அணில் வரை எடுக்கலாம். சட்டம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது நமக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. அலுவலகம், பிள்ளைகளின் வகுப்புகள், ஊருக்குப் போய்வரும் விடுமுறை எல்லாம் போக, புதிதாக வேட்டை பழகும் ஒருவருக்கு வருஷத்தில் மூன்று நான்கு சனிக்கிழமை மிஞ்சினால் அதிகம். அவற்றை ஒன்பது மாதத்தில் எங்கே வைப்பது?

இங்கே பழகிய வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் செப்டம்பர் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் புதியவருக்கு நான் சொல்லும் பதில் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி, அதை விட்டால் டிசம்பர் முதல் பாதி. அணில் நிறையக் கண்ணில் படும் காலம் ஒன்று. சுட்ட அணில் தவறாமல் கைக்கு வந்து சேரும் காலம் வேறு. இரண்டாவதைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தொடங்கும் முன் சில விஷயங்கள். இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்குத் தடை இருக்கிறது. நான் இங்கே சாம்பல் அணில் என்று சொல்வது அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஏராளமாக இருக்கும் அரைக் கிலோ எடையுள்ள அணில். திருவில்லிபுத்தூர் மலையில் சரணாலயம் வைத்துக் காப்பாற்றிவரும் நரை அணிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது பெர்மிட். மிசூரியில் 16 வயது ஆனவர்களுக்குப் பொதுவாகச் சிறு விலங்கு வேட்டைக்கான பெர்மிட் தேவை. 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை பெர்மிட் உள்ளவர்களுக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. பெர்மிட் காலாவதியான மறுநாள் நிலைமை என்ன என்பதை யோசித்துக்கொண்டு, குடியேற்ற வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிட்டே துப்பாக்கிக் கடைப் படியேறுங்கள். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் இது பொருந்தும்.

காட்டில் இரண்டு வகை அணில் உண்டு. அடர்ந்த காட்டிலும் ஓடைக்கரையிலும் சாம்பல் அணில் இருக்கும். விடியும்போதே இறங்கிவிடும், துருதுருவென்று இருக்கும். ஃபாக்ஸ் அணில் செம்பழுப்பாக, இன்னும் பெரிதாக, ஒரு கிலோ வரைகூட இருக்கும். வயல் ஓரம், மரங்கள் விலகி நிற்கும் இடம் இவை அதற்குப் பிடிக்கும். வெயில் ஏறிய பிறகு நிதானமாகத்தான் வரும். எட்டு மணிக்கு மேல்தான் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஃபாக்ஸ் அணில் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகலாம்.

இப்போது பருவங்களுக்கு வருவோம். மே கடைசியும் ஜூனும் மல்பெரிக் காலம். நம் முசுக்கொட்டையின் உறவுதான். பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அடியில் உட்கார்ந்தால் போதும், அணில்கள் வந்துகொண்டே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பிறந்த குட்டிகள் அப்போது தாயை விட்டுத் தனியாகத் திரியும். கறி பிஞ்சாக இருக்கும், வறுத்தால் குக்கர்கூட வேண்டாம். இதெல்லாம் நல்ல பக்கம். கெட்ட பக்கம் உண்ணி. மிசூரியில் மே முதல் ஜூலை வரை உண்ணித் தொல்லை உச்சத்தில் இருக்கும். லோன் ஸ்டார் என்ற வகை உண்ணி கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வருகிறது. அது வந்தால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பாலும் சேராது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும் என்பதால் காரணம் எது என்று பிடிபடவே நாளாகும். மட்டன் பிரியாணி இல்லாமல் பெருநாளோ தீபாவளியோ கழியாத வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த உடுப்பு, காலுறைக்குள் செருகிய பேன்ட், திரும்பியதும் உடல் முழுக்கத் தேடிப் பார்ப்பது என்று அத்தனை முன்னேற்பாடும் செய்யத் தயார் என்றால் ஜூன் போகலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் முதல் வேட்டைக்கு நான் ஜூனைச் சொல்ல மாட்டேன்.

ஜூலை மத்தியில் காடு ஓய்ந்து கிடக்கும். அதை விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். வேட்டைக்காரர்கள் கண் மின்னப் பேசும் காலம் இதுதான். ஹிக்கரி என்ற காட்டு மரத்தின் கொட்டை முற்றிவரும். சாம்பல் அணிலுக்கு அதைவிடப் பிடித்த தீனி இல்லை. ஒரு மரம் காய்த்து நின்றால் சுற்றுவட்டாரத்து அணில் எல்லாம் அங்கே கூடும். விடியற்காலை இருட்டிலேயே போய் அடியில் உட்கார்ந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை. மேலே பல்லால் சுரண்டும் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டுத் துணுக்குகள் இலைகளின் மேல் தூறல் விழுவதுபோல் சிந்தத் தொடங்கும். நாலைந்து அணில் ஒரே மரத்தில் உட்கார்ந்து கொறிக்கும்போது அந்தச் சத்தம் நிற்காது. எந்த மரம் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தரையைப் பாருங்கள். பச்சையும் ஈரமுமாகக் கிடக்கும் துணுக்குகள் இன்றோ நேற்றோ கொறித்தவை. ஓரம் பழுப்பேறிக் காய்ந்திருந்தால் அணில்கள் வேறு மரத்துக்குப் போயாகிவிட்டது. கனமாக இலை மூடியிருப்பதால் நீங்கள் அசைவதும் அவற்றுக்குத் தெரியாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் காலடிச் சத்தமும் இருக்காது.

ஆக, அணிலை நெருங்குவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. சிக்கல் அதன் பிறகு. அதே இலை உங்கள் கண்ணையும் மறைக்கிறது. வால் தெரியும், தலை தெரியாது. கிளை ஆடும், எதன் கிளை என்று பிடிபடாது. சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் வைத்திருப்பவர் 6-ஆம் நம்பர் குண்டில் முப்பது, முப்பத்தைந்து கஜம்வரை நம்பிச் சுடலாம். ஹிக்கரி உயரமான மரம், உச்சிக் கிளையில் அணில் இருந்தால் அந்தத் தூரத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. அடிபட்ட அணில் இலைக்கூட்டத்துக்குள்ளேயே ஒரு பொந்துக்குள் நுழைந்துவிட்டால் போனது போனதுதான். கீழே விழுந்தாலும் இடுப்பளவுச் செடிகொடிகளுக்குள் தேட வேண்டும். பழகியவர் விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடந்து போய் எடுத்துவிடுவார். புதியவர் உற்சாகத்தில் அடுத்ததைச் சுட்டுவிட்டு முதலாவதைத் தேடுவார். சுட்டுவிட்டுக் காட்டில் அழுகவிடுவது வேட்டையே இல்லை. அதனால்தான் செப்டம்பரைப் புதியவர்களுக்கு நான் முன்வைப்பதில்லை.

ரைஃபிளுக்கோ இன்னும் கடுமையான காரணம் இருக்கிறது. .22 தோட்டா ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. உச்சிக் கிளையை நோக்கிச் சுட்டு, குண்டு தவறினால் அது எங்கோ போய் விழத்தான் செய்யும். அணிலுக்குப் பின்னால் தண்டோ தடித்த கிளையோ மலைச்சரிவோ இருந்தால்தான் விசையைத் தொட வேண்டும். இலை மூடிய மரத்தில் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை.

செப்டம்பரின் மற்றக் குறைகளும் சேர்ந்துகொள்கின்றன. பகல் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாட்கள் உண்டு. சுட்டவுடனே குடல் நீக்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காவிட்டால் கறி கெடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை சில அணில்களின் தோலுக்கடியில் பாட் ஈயின் புழு இருக்கும். கழுத்திலோ தோளிலோ பெரிய கட்டி, நடுவில் ஒரு துளை. தோலோடு அது கழன்றுவிடும், கறிக்குக் கேடில்லை. இருந்தும் முதல் தடவை தோலுரிப்பவர் அதைப் பார்த்தால் அன்றோடு அணில் கறியை மறந்துவிடுவார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாம்பல் அணில் வருஷத்தில் இரண்டு ஈடு குட்டி போடும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஒரு முறை இணைசேரும், மே, ஜூனில் மறுமுறை. சினைக்காலம் 44 நாள். இரண்டாவது ஈடு ஜூலை, ஆகஸ்ட்டில் பிறக்கும். குட்டிகள் பால் மறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் செப்டம்பரில் ஹிக்கரி மரத்துக்கு வரும் பெண் அணில்களில் பல பாலூட்டிக்கொண்டிருப்பவை. தாய் போனால் பொந்துக்குள் இருக்கும் குட்டிகளும் போகும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. தடுக்காததற்கும் நியாயம் உண்டு. பிறக்கும் அணில்களில் பாதிக்கு மேல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை, வேட்டையால் மொத்த எண்ணிக்கை குறைந்துவிடுவதுமில்லை. எண்ணிக்கை குறையாது என்பது அரசு சீசனைத் திறந்து வைக்கப் போதுமான காரணம். எந்த மாதம் போவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியும்போது நமக்கு அது போதாது. பழகிய கண்ணுக்குப் பைனாகுலரில் பால்காம்பு தெரியும். அப்படிப் பார்த்து ஒதுக்கிவிட்டுச் சுடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமை வந்த பிறகு செப்டம்பருக்குப் போங்கள்.

இந்தக் கணக்கைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் பெண் அணில் சினையாக இருக்கிறது, ஆகஸ்ட், செப்டம்பரில் பாலூட்டுகிறது, ஜனவரியில் மறுபடி சினை. நடுவில் பெரும்பாலான பெண் அணில்களுக்கு இரண்டும் இல்லாத ஒரே இடைவெளி அக்டோபர் மத்தியிலிருந்து டிசம்பர் மத்தி வரை. நான் சொல்லும் காலமும் அதுதான்.

அக்டோபரில் தீனி ஹிக்கரியிலிருந்து ஓக்குக்கு மாறும். வெள்ளை ஓக் கொட்டையில் கசப்பு குறைவு, விழுந்ததுமே முளைவிடவும் தொடங்கும். அதனால் அணில் அதைக் கையோடு தின்றுவிடும். புதைப்பதாக இருந்தாலும் பல சமயம் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிட்டுத்தான் புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை கசப்பு கூடியது, வசந்தத்தில்தான் முளைக்கும். அதைக் குளிர்காலத்துக்கென்று அங்கங்கே ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். வேட்டைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டால் அணிலை எங்கே தேடுவது என்பது பாதி முடிந்தது. அக்டோபரில் வெள்ளை ஓக் அடியில் உட்காருங்கள், டிசம்பரில் சிவப்பு ஓக் நிற்கும் சரிவில் தரையைப் பாருங்கள்.

இந்தப் பருவத்துக்கும் குறை உண்டு. அக்டோபர் முதல் இரண்டு வாரம் ஒரு மந்தம் வரும். காடெங்கும் கொட்டை கொட்டிக் கிடப்பதால் அணில்கள் ஒரு மரத்தில் கூடாமல் சிதறிவிடும். இலையும் பாதிதான் உதிர்ந்திருக்கும். பல பேர் அந்த நேரத்தில் போய் வெறுங்கையோடு திரும்பி, அணிலே இல்லை என்று சொல்வார்கள். கடைசி வாரம்வரை பொறுத்தால் கிளைகள் திறந்துகொள்ளும். சருகு காலடியில் நொறுங்குவது இன்னொரு தொல்லை. பத்தடி நடந்து ஐந்து நிமிஷம் நிற்பது, அல்லது நடக்காமல் ஒரே இடத்தில் அரைமணி உட்கார்வது, இரண்டில் ஒன்றைப் பழக வேண்டும். அதே சருகு அணிலையும் காட்டிக்கொடுக்கும். அது துள்ளித் துள்ளி ஓடும் சத்தம் அறுபது, எழுபது கஜத்துக்கு அப்பாலிருந்தே கேட்கும்.

உங்களைக் கண்ட அணில் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். இருவர் போனால் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் அடிவாரத்தைச் சுற்றி மெதுவாக நடந்தால் அது நிற்பவரின் பக்கம் வந்துவிடும். தந்தையும் மகளுமாகவோ நண்பர்கள் இருவராகவோ போவதற்கு இது அருமையான பாடம். ஒரே நிபந்தனை, ஆள் நடக்கும் திசைப் பக்கம் துப்பாக்கி ஒருபோதும் திரும்பக்கூடாது.

குடும்பஸ்தருக்கு ஒரு சவுகரியமும் இருக்கிறது. ஜூனில் செயின்ட் லூயிஸ் பக்கம் ஐந்தரை மணிக்குச் சூரியன் எழுந்துவிடும், இருட்டோடு காட்டில் இருக்க வேண்டுமானால் மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். அக்டோபர் கடைசியில் உதயம் ஏழே காலை நெருங்கும். ஐந்தரைக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். விடிந்த முதல் மூன்று மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தின இரண்டு மணி நேரமும் அப்போது நல்ல நேரம். நான் காலையைத்தான் சொல்வேன். மாலையில் சுட்டால் தேடுவதற்குள் இருட்டிவிடும். பொது நிலத்தில் வில்லோடு மானுக்குக் காத்திருப்பவர்கள் மரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் இருக்கும் பக்கம் போய்ச் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போவது மரியாதை.

நாள் குறிக்கும்போது மான் சீசனைக் கட்டாயம் பாருங்கள். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை துப்பாக்கி மான் சீசன் திறந்து பதினோரு நாள் நடக்கும். அதற்கு முன்பே சிறுவர்களுக்கான ஒரு வார இறுதியும் வரும். அந்தப் பதினோரு நாளும் காட்டுப் பக்கமே போகாதீர்கள். வேறு விலங்கை வேட்டையாடுபவரும் ஆரஞ்சுத் தொப்பியும் மேலங்கியும் அணிய வேண்டிய நாட்கள் அவை. நான் சீசன் முழுக்கவே ஆரஞ்சு இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. அணிலுக்கு அந்த நிறம் பொருட்டே இல்லை, உங்கள் அசைவுதான் அதற்குக் கண்ணில் படும்.

டிசம்பர் கடைசி தொட்டு பிப்ரவரி 15 வரை மொட்டைக் காடு. நூறு கஜத்தில் அணில் தெரியும், நீங்களும் அதற்குத் தெரிவீர்கள். .22 ரைஃபிளில் நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவருக்கு இது சுகமான காலம். இந்த அணில்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. கடுங்குளிரில் ஒன்றிரண்டு நாள் பொந்துக்குள்ளேயே இருந்துவிட்டு, வெயில் காய்ந்த மதியத்தில் வெளியே வரும். ஆகவே ஜனவரியில் பத்து மணிக்குப் போனாலே போதும், இரண்டு மணிவரை நல்ல நேரம். ஒரு பெண்ணைப் பல ஆண் அணில்கள் மரத்துக்கு மரம் துரத்தும், அந்த மும்முரத்தில் ஆளைக்கூடக் கவனிக்காது. ஃபைஸ்ட், கர் வகை நாய்களை வைத்து அணிலை மரமேற்றி வேட்டையாடுபவர்களுக்கும் இலை இல்லாத இந்தப் பருவம்தான் வேண்டும். ஆனால் ஜனவரி நடுவுக்கு மேல் பல பெண் அணில்கள் சினை. நான் அதோடு நிறுத்திவிடச் சொல்வேன், சட்டம் இன்னும் ஒரு மாதம் கொடுத்தாலும். கிடைப்பவற்றில் முற்றியவையே அதிகம் என்பதால் சமையலும் மாறும். அக்டோபர் அணிலை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வறுத்தாலே வெந்துவிடும். ஜனவரிக் கிழ அணில் குக்கரில் ஏழெட்டு விசில் போன பிறகுதான் எலும்பை விடும், அதைக் குழம்பாக வைப்பதுதான் சரி.

எந்தப் பருவமானாலும் காற்று பலமாக வீசும் நாளைத் தள்ளிப்போடுங்கள். கிளைகளெல்லாம் ஆடும்போது பருந்து வருவது அணிலுக்குத் தெரியாது, அதனால் பதுங்கிவிடும். மழை விட்ட மறுநாள் காற்றில்லாத காலை கிடைத்தால் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தாவது போகலாம்.

ஓக் காய்க்காத வருஷமும் உண்டு. ஏப்ரலில் பின்பனி பூவைக் கருக்கினால் அதே இலையுதிர் காலத்தில் வெள்ளை ஓக் பொய்த்துவிடும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு வருஷம் எடுப்பதால் அந்தப் பனியின் பாதிப்பு அதற்கு மறு வருஷம்தான் தெரியும். வெள்ளை ஓக் பொய்த்த வருஷத்தில் சிவப்பு ஓக் காய்த்திருக்கும் இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டும் பொய்த்தால் அடுத்த வசந்தத்தில் குட்டிகள் குறையும், ஆகவே அடுத்த ஜூன் வேட்டையை விட்டுவிடலாம். மார்க் ட்வெய்ன் தேசியக் காடு மட்டுமே பதினைந்து லட்சம் ஏக்கர், ஆகஸ்டில் ஒரு நாள் குடும்பத்தோடு நடந்து, எந்தச் சரிவில் எது காய்த்திருக்கிறது என்று குறித்து வைத்தால் அக்டோபரில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒஹாயோவில் சீசன் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை, ஒரு நாளைக்கு ஆறு அணில், அதனால் மல்பெரிக் கால யோசனையே அங்கே எழாது. கென்டக்கியில் மே, ஜூனில் ஒரு சிறிய சீசன் தனியாக வரும், பிறகு ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை திறக்கும். கிழக்கு டெக்சாஸில் இலை உதிரவே நவம்பர் கடைசி ஆகிவிடும், அங்கே இருப்பவர்கள் நான் சொன்ன நாட்களை மூன்று நாலு வாரம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.